ஒரு குவளை வெள்ளம்

தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரத்திற்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு சொல்லிடம் தடுக்கி விழுவதுண்டு. அடுத்த வீட்டு அம்மையார் முகம் மலர வரவேற்றுத் திண்ணையில் அமரச் செய்து, “வெள்ளம் வேணோ?” என்று கேட்பார். நமக்கு வெள்ளம் என்றால் கரையை உடைத்துக்கொண்டு வருவது. ஊரையும் பயிரையும் வாரிச் செல்வது. அவர்க்கோ அது குவளையில் மொண்டு கொடுக்கும் குடிதண்ணீர். இச்சொல்லை வைத்து நாம் எத்தனையோ முறை சிரித்திருக்கிறோம். ஆனால், ஒரு குவளை நீரும் ஊரை அழிக்கும் வெள்ளமும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதை மூன்று தலைமுறையாக இவ்வூரில் வாழும் நாங்கள் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்து மாலைப் பொழுதொன்றில்தான் உணர்ந்தோம்.

எங்கள் பாட்டனார் 1930களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சாலைக் கடைத்தெருவிற்கு வந்தவர். பலசரக்குக் கடையொன்றில் கணக்கெழுதினார். திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் தோன்றிய அக்கடைத்தெருவில் அன்று மலையாளத்தைப் போலவே தமிழும் புழங்கியது. அத்தெருவிலேயே கடை வைத்திருந்து, அத்தெருவின் மனிதர்களையே கதைகளாக்கித் தந்தவர் மறைந்த எழுத்தாளர் ஆ. மாதவன் என்பதை இச்சங்கத்து அன்பர்கள் அறிவார்கள். எங்கள் தந்தையார் எழுத்தாளர் அல்லர். 1941இல் இவ்வூரிலேயே பிறந்து, பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆயினும், தம் தந்தை சொல்லக் கேட்டவற்றையும் தாம் கண்ணால் கண்டவற்றையும் நாற்பது ஆண்டுகளாகக் குறிப்பேடுகளில் எழுதிவந்தார். அவ்வாறு பதினொரு குறிப்பேடுகள் சேர்ந்திருந்தன.

அவற்றுள் இலக்கியம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. எந்த ஆண்டில் தேங்காய் என்ன விலை விற்றது, கடைத்தெருவில் எந்தக் கடை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, ஆற்றுகால் பொங்கலுக்கு அக்காலத்தில் எத்தனை அடுப்புகள் எங்கள் தெருவில் எரிந்தன என்பன போன்ற செய்திகளே மிகுதி. 1956 நவம்பர் 1ஆம் நாள் காலையில், நாகர்கோவிலில் இருந்த பெரியப்பா ஒரு மாநிலத்தவராகவும் இங்கே இருந்த நாங்கள் வேறு மாநிலத்தவராகவும் ஆனதைப் பாட்டனார் எப்படி ஏற்றுக்கொண்டார் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலையில் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டபோது, அது வானில் விட்டுச் சென்ற சோடிய ஆவி செம்மஞ்சள் முகிலாய் ஒளிர்ந்ததைக் கடைத்தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்ததாக இன்னொரு பக்கம். பேரரசர்களின் வரலாற்றில் இவற்றுக்கு இடமில்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த ஒரு குடும்பத்துக்கு இவைதாம் வரலாறு.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது எங்கள் மகள் தன் தாத்தாவைப் பழைய மடிக்கணினி ஒன்றின்முன் அமர்த்தினாள். இளமையில் தமிழ்த் தட்டச்சு பயின்று லோயர் தேர்வு எழுதியவர் அவர். அந்தப் பழைய விசை அமைப்பையே அவள் கணினியில் அமைத்துத் தந்தவுடன் விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கின. நாளைக்கு இரண்டு பக்கம் என்று வகுத்துக்கொண்டு, நான்கு ஆண்டுகளில் ஒன்பது குறிப்பேடுகளை அதில் ஏற்றிவிட்டார்.

இவ்விடத்தில் எங்கள் குற்றத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இவ்வூர் மழையின் ஈரத்தில் காகிதம் நெடுநாள் நிற்பதில்லை. குறிப்பேடுகளில் பூஞ்சணம் படர்ந்திருந்தது, சிலவற்றைச் செல்லரித்திருந்தது. ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்றி முடித்தவுடன், “அதுதான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே” என்று சொல்லி, பழைய செய்தித்தாள்களோடு சேர்த்து ஆக்ரிக்காரரிடம் எடைக்குப் போட்டவர்கள் நாங்கள்தாம். ஒன்பது குறிப்பேடுகளும் அவ்வாறே போயின. தந்தையார் தடுக்கவில்லை; ஆனால் எடைபோடும்போது வாசலுக்கு வரவும் இல்லை. ஆக, நாற்பது ஆண்டு எழுத்தின் பெரும்பகுதி மேசைமேல் இருந்த ஒரே ஒரு பெட்டிக்குள் அடங்கியது. வேறு படி எங்கும் கிடையாது. அது எத்தகைய ஆபத்து என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று இடவப்பாதி மழை. பிற்பகலிலிருந்தே வானம் இருண்டிருந்தது. தந்தையார் சன்னலோரம் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டுக் கருப்பட்டி கலந்த காப்பி. இடி ஒன்று விழுந்தது, மின்சாரம் போயிற்று. அவ்விருட்டில் திரையின் வெளிச்சம் மட்டும் அவர் முகத்தில் விழுந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடிய கை குவளையின்மேல் பட்டது. முக்கால் குவளைக் காப்பி விசைப்பலகையின்மேல் கவிழ்ந்தது.

அவர் பதறித் தோள்துண்டால் துடைத்தார். அடுத்து, எழுதியதைச் சேமித்துவிட வேண்டும் என்று விசையை நோக்கி விரலைக் கொண்டுபோனார். அதற்குள் ஓடிவந்த எங்கள் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கணினியின் மின்பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

“சேவ் பண்ணலை மக்ளே! எழுதினது போயிருமே!” என்று கத்தினார் தாத்தா.

“இன்னைக்கு எழுதினது போகட்டும் தாத்தா. நாலு வருசமா எழுதினது இருக்கணும்” என்றாள் அவள்.

பத்து விநாடிகளில் திரை இருண்டது. அந்தப் பத்து விநாடிகளில்தான் எங்கள் குடும்ப வரலாறு பிழைத்தது என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு அவள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறோம்; எவர் வீட்டிலும் என்றேனும் ஒருநாள் பயன்படக்கூடும். முதலில் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தாள். மின்சாரம் போயிருந்தாலும் எந்த விநாடியிலும் திரும்பி வரலாம் அல்லவா? அதன்பின்னரே சார்ஜரை உருவினாள். மவுசையும் பென் டிரைவையும் கழற்றினாள். பழைய மாதிரிக் கணினி ஆகையால் அடிப்பக்கத்துத் தாழ்ப்பாளைத் தள்ளியதும் பேட்டரி தனியே வந்துவிட்டது. இப்போது வருபவற்றில் பேட்டரி உள்ளேயே திருகப்பட்டிருக்கும். அவற்றை விரைவில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசென்று முதல் வேலையாகப் பேட்டரியின் இணைப்பை விடுவிக்கச் சொல்ல வேண்டும். பேட்டரி சுட்டாலோ உப்பினாலோ தொடாமல் விலகிவிட வேண்டும். மேலாக நின்ற ஈரத்தைத் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்தாள். பின்பு கணினியைக் குடிசைக் கூரை போல் விரித்து, விசைப்பலகை கீழ்நோக்கும்படி ஒரு துண்டின்மேல் கவிழ்த்து வைத்தாள். வந்த வழியே நீர் இறங்க வேண்டும். இன்னும் ஆழமாக உள்ளே போகக்கூடாது. குலுக்கவும் இல்லை, சாய்த்துப் பார்க்கவும் இல்லை. “யாரும் ஆன் பண்ணிப் பார்க்கக் கூடாது” என்று ஆணையிட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவள் கைகள் நடுங்குவதைக் கண்டோம்.

கணினியைக் கொல்வது தண்ணீர் என்று நாம் எண்ணுகிறோம். தண்ணீர் மட்டும் கொல்வதில்லை. தண்ணீரும் மின்சாரமும் கூடித்தான் கொல்கின்றன. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அதில் கரைந்துள்ள உப்புகளே மின்சாரத்துக்குப் பாலம் அமைக்கின்றன. கருப்பட்டிக் காப்பியில் அத்தகைய பொருள்களுக்குக் குறைவே இல்லை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பலகையின்மேல் அந்நீர் படிந்தால், இணையக்கூடாத கம்பிகள் இணைந்து சில்லுகள் கருகும். கருகாமல் தப்பினாலும், மயிரிழை போன்ற செப்புத் தடங்களை மின்னோட்டம் சிறிது சிறிதாக அரித்துக் கரைத்துவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அரிப்பு நின்றுவிடுவதில்லை. ஆனால் பெரிதும் தளர்ந்துவிடும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். ஈரம் காயுமுன் “ஓடுகிறதா பார்ப்போமே” என்று பொத்தானை அழுத்தும் ஆவல் அந்த அவகாசத்தையும் பறித்துவிடுகிறது.

அண்டை வீட்டாரெல்லாம் கூடிவிட்டனர். நல்ல மனத்தோடு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அரிசிப் பானைக்குள் புதைத்துவிடுங்கள் என்றார் ஒருவர். மகள் மறுத்துவிட்டாள். மூடிய பானையில் கிடக்கும் அரிசி, மின்விசிறிக் காற்றைவிட மிகுதியாக ஒன்றும் ஈரத்தை உறிஞ்சிவிடாது. அதன் மாவுத்தூளும் குருணையும் இடுக்குகளில் புகுந்து ஒட்டிக்கொள்வதே மிச்சம். முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தார் இன்னொருவர். வெந்காற்று நீரை உள்ளே தள்ளும், விசைகளையும் உருக்கிவிடும். நாளை வெயிலில் வைக்கலாம் என்றனர் சிலர். இடவப்பாதியில் வெயிலுக்கு எங்கே போவது? துணியே மூன்று நாள் காயாத ஊரில் கணினி எப்படிக் காயும்? அன்றியும், நீர் காய்ந்தால் போதாது. அதிலிருந்த சர்க்கரை காயாது. அது பிசினாய்ப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே எங்களுக்கு வேண்டியது காய வைப்பது அன்று, கழுவுவது. நனைந்த பொருளைக் காப்பாற்ற மீண்டும் நனைக்க வேண்டும் என்பது எங்களுக்கு விந்தையாக இருந்தது.

அன்றிரவு தந்தையார் உண்ணவில்லை. எவரையும் கடிந்துகொள்ளவும் இல்லை. “கை நடுங்குது. வயசாச்சு” என்று மட்டும் ஒருமுறை சொன்னார். ஒன்பது குறிப்பேடுகளையும் எடைக்குப் போட்ட எங்களை ஒரு சொல் ஏசியிருந்தால் எங்கள் மனம் சற்று ஆறியிருக்கும். அவர் ஏசவில்லை.

தும்பாவில் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்டை வீட்டு அண்ணாச்சி அவரோடு நெடுநேரம் அமர்ந்திருந்தார். அவர் சொன்ன செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். 2003 பிப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அக்கலத்தில், செனான் வாயுவின் தன்மையை ஆராயும் சோதனை ஒன்றின் முடிவுகள் ஒரு வன்தட்டில் பதிவாகியிருந்தன. விண்ணிலிருந்து விழுந்து, தீயில் கருகி, மாதக்கணக்கில் டெக்சாஸ் மாநிலத்தில் வறண்ட ஏரிப்படுகையொன்றில் கிடந்த அத்தட்டைக் கண்டெடுத்தார்கள். வெளிப்புறமெல்லாம் வெந்து உருகியிருந்தும், உள்ளே சுழலும் தட்டுகள் பிழைத்திருந்தன. அவற்றைக் கழுவித் துடைத்து வேறு கருவியில் பொருத்தியபோது ஏறத்தாழ 99 விழுக்காடு பதிவுகள் மீண்டன. அச்சோதனையின் முடிவுகள் 2008இல் அச்சேறின.

“விண்ணிலிருந்து விழுந்ததையே எடுத்திருக்கான். உம்மது மேசையை விட்டே விழலியே வே!” என்றார் அண்ணாச்சி. தந்தையார் சிரிக்கவில்லை, ஆனால் அதன்பின் எழுந்து போய்ப் படுத்தார்.

மறுநாள் காலை, பெயர்பெற்ற பழுதுபார்ப்பு நிலையம் ஒன்றுக்குச் சென்றோம். அங்கிருந்தவர் கணினியைத் திறந்தும் பாராமல், தாய்ப்பலகையை மாற்ற வேண்டும் என்றார். உள்ளே இருக்கும் பதிவுகளுக்கு நிலையம் பொறுப்பன்று என்று எழுதிய தாளொன்றை நீட்டிக் கையொப்பம் இடச் சொன்னார். அவர்மேல் குறையில்லை, அது அவர்களின் விதி. தந்தையார் தாளை இருமுறை படித்தார். பின்பு அதை மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்து, “எனக்குப் பெட்டி வேண்டாம், சார். பெட்டிக்குள்ளே இருக்கிறதுதான் வேணும்” என்றார். அவர் சொன்ன அச்சொல்லில்தான் நாங்கள் தேட வேண்டியது என்ன என்பதே எங்களுக்குத் தெளிவாயிற்று.

பழவங்காடிப் பக்கம் குறுகிய மாடிப்படி ஏறிப் போகும் சிறிய கடையொன்றை மகள் விசாரித்து வைத்திருந்தாள். போகிற வழியில் பிள்ளையார்க்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் தந்தையார் படியேறினார். கடையில் இருந்தவர் முப்பது வயதுக்குட்பட்ட மலையாள இளைஞர். கணினியைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“வெள்ளம் வீணதாணோ?” என்று கேட்டார்.

“வெள்ளமில்லை, கருப்பட்டிக் காப்பி” என்றார் தந்தையார்.

“ஓண் செய்து நோக்கியோ?”

“இல்லை.”

“எங்கில் ரக்ஷப்பெட்டு, சாரே” என்றார் அவர். பிழைத்தோம் என்பதே அதன் பொருள்.

எங்கள் கண்முன்னே திருகாணிகளைக் கழற்றி, ஒவ்வொன்றையும் இருந்த இடத்தின் வரிசைப்படி ஒரு காகிதத்தில் ஒட்டிவைத்தார். முதலில் வன்தட்டை வெளியே எடுத்தார். அதன்மேல் ஒரு பக்கத்தில் காப்பித் துளி காய்ந்த கறை இருந்தது, உள்ளே இறங்கவில்லை. மேற்புறத்தை மட்டும் துடைத்து, ஒரு சிறு கூட்டில் பொருத்தித் தம் கணினியோடு இணைத்தார். தட்டு சுழலும் மெல்லிய ஒலி கேட்டது. தந்தையார் கண்களை மூடிக்கொண்டார். சிறிது நேரத்தில் திரையில் தமிழில் பெயரிட்ட கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று மகள் எண்ணினாள். ஒன்பதும் இருந்தன.

அவற்றைப் படியெடுத்து முடித்த பிறகே அவர் பலகையைத் தொட்டார். விசைப்பலகையின் அடியில் கருப்பட்டி பாகாய் உறைந்திருந்தது. தாய்ப்பலகையின் ஓரத்தில் இரண்டிடங்களில் நீலப்பச்சையாய்க் களிம்பு பூக்கத் தொடங்கியிருந்தது. ஒரே இரவில்! வெண்கலப் பாத்திரத்தில் புளி பட்டால் படரும் அதே களிம்புதான். முதலில் காய்ச்சி வடித்த நீரால் பாகைக் கரைத்தார். ஏனெனில் சர்க்கரை ஆல்கஹாலில் எளிதில் கரையாது. பின்பு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மென்தூரிகையில் தொட்டு இண்டு இடுக்கெல்லாம் துலக்கினார். அது எஞ்சிய நீரைத் தள்ளிக்கொண்டு விரைவில் ஆவியாகிவிடும். எளிதில் தீப்பற்றும் பொருள் ஆதலால் அதைக் கையாளும்போது பக்கத்தில் எந்த நெருப்பும் இருக்கக் கூடாதென்றும், வீட்டில் அனுபவமில்லாதவர்கள் இவ்வேலையில் இறங்க வேண்டாமென்றும் சொன்னார். மூன்றாம் நாள், விசைப்பலகையை மட்டும் புதிதாக மாற்றிக் கணினியைத் திருப்பித் தந்தார். இன்றும் அது ஓடுகிறது.

இன்னொரு செய்தியையும் அவர் சொன்னார். எங்களுடையது பழைய கணினி என்பதால்தான் வேலை இவ்வளவு எளிதாயிற்றாம். இப்போது வரும் பலவற்றில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பதிவுகள் மறையெழுத்தாகப் பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. அப்பூட்டின் மீட்புக் குறியை வேறிடத்தில் எழுதிவைக்காதவர்கள், பெட்டி நனைந்தால் உள்ளிருப்பதை மறந்துவிட வேண்டியதுதான்.

மீளாமல் போனது அன்று மாலை எழுதிய இரண்டு பக்கங்கள் மட்டுமே. அவை என்ன என்று நெடுநாள் அவர் சொல்லவில்லை. பின்பு ஒருநாள் தாமாகவே சொன்னார். 1968இல் மணமாகி எங்கள் தாயார் இவ்வூருக்கு வந்த முதல் நாளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாராம். அண்டை வீட்டம்மா “வெள்ளம் வேணோ?” என்று கேட்க, புதுப்பெண் திடுக்கிட்டு வாசலை எட்டிப் பார்த்த கதை அது. தாயார் மறைந்து ஆறு ஆண்டுகளாகின்றன. அப்பக்கங்களைத் தந்தையார் மீண்டும் எழுதிவிட்டார். ஆயினும், “முதல்ல எழுதினது நல்லா வந்திருந்தது. அதிலே அவ சிரிச்சா. இதிலே சிரிக்க மாட்டேங்கா” என்றார். எந்தக் கடையிலும் மீட்டுத்தர முடியாதவையும் உலகில் உண்டு.

இந்நிகழ்ச்சிக்குப் பின் ஒரு ஞாயிறன்று தந்தையாரை அழைத்துக்கொண்டு கோட்டைக்குள் இருக்கும் ஓலைச்சுவடி அருங்காட்சியகத்திற்குச் சென்றோம். வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் மலையாண்மையிலும் தமிழிலும் எழுதிய ஓலைகள் அங்கே அடுக்கடுக்காய் இருக்கின்றன. நாம் வாழும் இதே ஈரக்காற்றில், இதே மழையில், சில நூற்றாண்டுகளாக அவை நிலைத்திருக்கின்றன. புல்தைலம் தடவுதல், காற்றும் ஒளியும் அளவாகப் படச் செய்தல், பூச்சி அண்டாமல் கட்டி வைத்தல் என்று அவற்றுக்குப் பணிவிடைகள் பல. எனினும் நம் முன்னோர் தைலத்தை மட்டும் நம்பவில்லை. ஓலை எப்படியும் ஒருநாள் பொடியும் என்று அறிந்தே தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையில் படியெடுத்தார்கள். படியெடுப்பது நின்ற இடத்தில் நூலும் நின்றது.

இவ்வூரில் அதற்கு ஒரு சான்று உண்டு. திருநெல்வேலிச் சீமைத் தருவையில் 1860இல் பிறந்து, நம்மைப் போலவே இங்கு வந்து சேர்ந்தவர் மகாமகோபாத்தியாய த. கணபதி சாஸ்திரியார். திருவிதாங்கூர் அரசின் வடமொழிச் சுவடிப் பதிப்புத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த அவர், 1909இல் பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில், மலையாள எழுத்தில் அமைந்த 105 ஏடுகள் கொண்ட ஒரு சுவடிக் கட்டைக் கண்டார். அதிலிருந்தவை, பெயர் மட்டும் எஞ்சி நூல் அழிந்துபோனதாக உலகம் கருதிய பாச மகாகவியின் நாடகங்கள் என்று அவர் முடிவு கட்டினார். தொடர்ந்து கிடைத்தவற்றோடு 13 நாடகங்களை அச்சேற்றினார். ஆசிரியர் யார் என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு; ஆனால் அந்நாடகங்கள் பிழைத்தன என்பதில் வாதம் இல்லை. எவரோ ஒருவர் யாருக்கென்று தெரியாமலே படியெடுத்து வைத்த ஏடுகள் அவை. இதற்கு மாறாக, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர், அங்கிருந்த பழஞ்சுவடிகளெல்லாம் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்று கேட்டு மனம் நொந்து திரும்பினார். அச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அவர்களை அறிவிலிகள் என்று ஏசி வந்தவர்கள் நாங்கள். ஆக்ரிக்காரரின் தராசு முன் நின்ற எங்களுக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு? அவர்கள் தீயில் இட்டார்கள். நாங்கள் எடைக்கு இட்டோம்.

2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் கேரளம் முழுவதும் எத்தனையோ வீடுகளில் பள்ளிச் சான்றிதழ்களும் நிலப் பத்திரங்களும் சேறாயின. அவற்றில் பலவற்றுக்கு அரசு அலுவலகங்களில் மூலப் பதிவு இருந்ததால், சிறப்பு முகாம்கள் வைத்து மறுபடி வழங்க முடிந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைக்கு எந்த அலுவலகத்தில் மூலப் பதிவு இருக்கிறது? தாய்நாட்டில் இருப்பவர்க்காவது ஊரும் கோயிலும் உறவும் நினைவுபடுத்தும். பெயர்ந்து வந்த நமக்கு நம் வீடே ஆவணக் காப்பகம்.

ஆதலின் நாங்கள் இப்போது ஒரு முறையைக் கைக்கொண்டிருக்கிறோம். கணினித் துறையினர் இதனை நெடுநாளாகச் சொல்லி வருகின்றனர்: முக்கியமான எதற்கும் மூன்று படிகள் வேண்டும், அவை இருவேறு வகைப் பொருள்களில் இருக்க வேண்டும், ஒன்றேனும் வேறோர் ஊரில் இருக்க வேண்டும். எங்கள் கணினியில் ஒன்று. தனியே ஒரு வன்தட்டில் இன்னொன்று. மூன்றாவதை நாகர்கோவிலில் இருக்கும் பெரியப்பா மகன் வீட்டுக்கு அனுப்பினோம். பின்னர், மஸ்கட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகனும் இணைய வழியே ஒரு படி எடுத்துக்கொண்டான். போதாக்குறைக்கு, தந்தையாரின் மனநிறைவுக்காக நல்ல காகிதத்தில் அச்சிட்டுக் கட்டடம் செய்தும் வைத்தோம். எஞ்சிய பத்தாம், பதினொன்றாம் குறிப்பேடுகளை ஏற்றி முடித்த பின்னும் எடைக்குப் போடவில்லை. அவை பீரோவில் இருக்கின்றன.

குடும்பம் ஊர் ஊராகச் சிதறிவிட்டதே என்று எங்கள் தாயார் உயிரோடிருந்தவரை வருந்துவார். ஒருவர் இங்கே, ஒருவர் நாகர்கோவிலில், ஒருவர் கடல் கடந்து. எங்களுக்கும் அவ்வருத்தம் உண்டு. ஆனால் இப்போது அதில் ஒரு நன்மையையும் காண்கிறோம். ஒரே கூரையின்கீழ் இருப்பதை ஒரு குவளை வெள்ளம் அழித்துவிடும். மூன்று ஊர்களில் இருப்பதை அழிக்க மூன்று வெள்ளங்கள் வேண்டும்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். அவரிடம் ஒரு குறிப்பேடோ, கடிதக் கட்டோ, கைப்பேசியில் பதிந்த பேச்சோ இருக்கும். இம்மலரைப் படித்து முடித்தவுடன் அதற்கு ஒரு படி எடுங்கள். அதை உங்கள் ஊரில் வைத்துக்கொள்ளாமல் வேறோர் ஊரில் இருக்கும் உறவினருக்கு அனுப்புங்கள். மூலத்தையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

தந்தையார் இன்றும் சன்னலோரத்தில்தான் எழுதுகிறார். பதினோராம் குறிப்பேடு முடிந்துவிட்டதால், நினைவிலிருப்பதைப் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறார். காப்பிக் குவளை மட்டும் மேசைக்கு வருவதில்லை. கையெட்டும் தொலைவில், மேசையைவிடத் தாழ்ந்த முக்காலியொன்றில் தனியே இருக்கிறது. குடிக்க வேண்டுமென்றால் எழுத்தை நிறுத்திவிட்டு, திரும்பி, குனிந்துதான் எடுக்க வேண்டும். அவ்வாறு அவர் குனியும்போதெல்லாம் எங்களில் எவரேனும் ஒருவர், எந்த வேலையில் இருந்தாலும், அதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.